பொய்க்காலும் செயற்கைக்காலும்



இழந்த உறுப்புக்கு மாற்றாக வேறொன்றைச் செய்து பொருத்துதல் தமிழ் மரபு அறியாத செய்தியன்று. சிலப்பதிகாரத்துக் கட்டுரை காதையில், மதுராபதித் தெய்வம் கண்ணகிக்குப் பொற்கைப் பாண்டியன் வரலாற்றைக் கூறுகிறது. தன் காவலை நம்பியிருந்த கீரந்தை மனைவியின் இல்லக் கதவைத் தட்டிய பிழைக்காகத் தன் கையையே வெட்டிக்கொண்ட மன்னன் அவன். அவன் பெற்ற பொற்கை நீதியின் அடையாளம், உழைக்கும் கையன்று.

உழைப்பவர் அணியும் காலுக்கு நம் பேச்சு வழக்கு 'பொய்க்கால்' என்று பெயரிட்டது. 'செயற்கைக்கால்' என்னும் சொல்லோ 'செய்' என்னும் வினையடியிலிருந்து பிறந்தது. இவ்விரண்டில் எது பொருந்தும் என்பதை ஒரு காலின் வரலாறு காட்டும்.

1968ஆம் ஆண்டளவில் ஜெய்ப்பூரில் மருத்துவர் பி.கே. சேத்தியும் கைவினைஞர் ராம் சந்திர சர்மாவும் புதிய பாதம் ஒன்றை உருவாக்கினர். அதற்குமுன் கிடைத்த மேலைநாட்டுப் பாதம் காலணிக்குள் மறைந்திருக்க வேண்டியது. வெறுங்காலுடன் நடப்போர்க்கும் சேற்றில் இறங்குவோர்க்கும் தரையில் சம்மணமிடுவோர்க்கும் அது உதவவில்லை. ஆகவே, ரப்பரை அச்சிலிட்டுச் சூடேற்றி, பல பக்கமும் வளையும் பாதத்தை அவர்கள் செய்தனர். அது நீருக்கும் அஞ்சாது, காலணியும் வேண்டாதது. 1981இல் தமிழ்நாட்டில் நேர்ந்த பேருந்து விபத்தால் ஒரு காலை இழந்த பரதக் கலைஞர் சுதா சந்திரன், ஜெய்ப்பூர்க் காலணிந்து 1984இல் மீண்டும் மேடையேறினார். யாழ்ப்பாணத்திலும் ஒரு ஜெய்ப்பூர் நிலையம் காலிழந்தோர்க்குத் தொண்டாற்றி வருகிறது.

பால்மரம் சீவியோரின் வழிவந்த நமக்கு ரப்பர் அயலான பொருளன்று. செயற்கைக்காலின் தேவையும் இன்று நம் வீடுகளுக்கு அயலானதன்று. 2019ஆம் ஆண்டுத் தேசிய ஆய்வின்படி, மலேசியாவில் பெரியவர்களுள் ஏறத்தாழ ஐவரில் ஒருவருக்கு நீரிழிவு இருந்தது. இந்தியரிடையே அவ்விகிதம் இன்னும் மிகுதி. இனிப்புநீர் முற்றினால் பாத நரம்புகள் உணர்விழக்கின்றன. வலிக்காத புண் கவனிப்பாரின்றி அழுகுகிறது. இறுதியில் காலை அகற்ற நேர்கிறது. நாள்தோறும் பாதத்தைப் பார்த்துக்கொள்ளும் பழக்கம் பல கால்களைக் காக்கும்.

காலை இழந்தவர்க்கும் வாழ்வு முடிந்துவிடுவதில்லை. எஞ்சிய காலின் புண் ஆறி வீக்கம் வடிந்தபின் அளவெடுத்து, அதனை ஏற்கும் குழியைச் செய்கின்றனர். குழி சரியாகப் பொருந்தாவிடின் தோல் புண்ணாகும்; காலும் வீட்டு மூலையில் கிடக்கும். எனவே, அணிபவர் எங்கு நடப்பார், எவ்வாறு அமர்வார், என்ன தொழில் செய்வார் என்று கேட்டறிதலே முதற்பணி. அதன்பின் நடைப்பயிற்சிக்குப் பல வாரங்கள் தேவை.

மாணவர்களே, அத்தகைய ஒருவர் நாளை உங்கள் வகுப்பில் அமரலாம். உங்கள் தந்தையாகவும் இருக்கலாம். தோட்டத்திற்கும் கோவிலுக்கும் அவரைத் தாங்கிச் செல்லும் காலில் பொய் என்ன இருக்கிறது? ஒருவர் செய்து கொடுத்தது, மற்றொருவர் நடந்து பழகியது அக்கால். அதனைச் செயற்கைக்கால் என்றே சொல்வோம். அணிந்தவரை அவர் பெயராலேயே அழைப்போம்.