தட்டைக் கவிழ்த்துப் பார்ப்போம்



காலையில் வட்டக்கோட்டை மதிலைச் சுற்றி வந்தோம். கல்லில் செதுக்கிய மீனைப் பலரும் படம் எடுத்தார்கள். "பாண்டியர் சின்னம்" என்றார் ஒருவர். இருக்கலாம். ஆனால் இன்று நாம் பார்க்கும் கோட்டை திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மா காலத்தில் அவர் தளபதி டிலனாய் எடுத்துக் கட்டியது. ஒரு குறியைக் கண்டதும் அதை இட்டது யார், எப்போது, எதற்கு என்று கேட்காமல் பேர் சூட்டிவிடுகிறோம். பீங்கானிலும் இதே அவசரம்தான்.

1741இல் குளச்சல் போரில் திருவிதாங்கூர் படையிடம் பிடிபட்ட டிலனாய் அதுவரை டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆள். அந்தக் கம்பெனி ஜப்பானின் அரித்தாவில் தட்டுகள் செய்யச் சொல்லி, நடுவில் 'வி.ஓ.சி.' என்று நீலத்தில் எழுத வைத்தது. (கப்பல் ஓட்டிய நம் வ.உ.சி. இல்லை!) அந்த எழுத்து செய்தவன் பேரும் அல்ல, தீட்டியவன் பேரும் அல்ல, காசு கொடுத்தவன் பேர்.

தீட்டியவனை எங்கே தேடுவது? தட்டைக் கவிழ்த்து விரல் நகத்தால் மெல்லத் தடவுங்கள். நீலக் குறி பெரும்பாலும் மெருகுக்கு அடியில் இருக்கும்; நகத்துக்குத் தட்டுப்படாது. அது ஆலையில், மெருகேற்றும் முன் இட்டது. சிவப்போ பொன்னோ மெருகின்மேல் லேசாகப் புடைத்து நின்றால், அது பிறகு குறைந்த சூட்டில் மறுபடி சூளை கண்டது. தீட்டியவரின் குறி அங்கேதான் இருக்க வாய்ப்பு அதிகம். பிரான்சின் லிமோஜ் தட்டுகளில் ஆலையின் முத்திரை பெரும்பாலும் பச்சையில் மெருகுக்கு அடியில் இருக்கும். தீட்டிய பட்டறையின் முத்திரை பெரும்பாலும் சிவப்பில் மேலே இருக்கும். ஜெர்மனியின் மைசன் ஆலையிலிருந்து வெளியே போன வெள்ளைத் தட்டுகளை வாங்கி வீட்டிலேயே வண்ணம் தீட்டி விற்றவர்களும் உண்டு. ஆகவே அந்த ஆலையின் குறுக்கு வாள் முத்திரையை மட்டும் பார்த்து, ஓவியமும் மைசன்தான் என்று தீர்ப்பெழுதக் கூடாது.

சீனத் தட்டுக்கு இந்தக் கணக்கும் உதவாது. 1712இல் சீனத்தின் பீங்கான் ஊரான ஜிங்தேஜனிலிருந்து கடிதம் எழுதிய பிரெஞ்சுப் பாதிரியார் தெந்த்ரகோல், ஒரு பாத்திரம் எழுபது பேர் கை மாறுகிறது என்கிறார். விளிம்பில் வளையம் போடுபவர் ஒருவர், பூவுக்குக் கோடு இழுப்பவர் ஒருவர், அதில் வண்ணம் நிரப்புபவர் வேறொருவர். இதில் யார் கையெழுத்துப் போடுவது? அடியில் இருப்பது அரசர் ஆண்டுப் பேர். அதையும் அப்படியே நம்ப முடியாது. 1464 முதல் 1487 வரை ஆண்ட பேரரசர் செங்குவாவின் பேரை, வெகுகாலம் பின்னால் வந்த பேரரசர் காங்சி காலத்துப் பாத்திரங்களிலும் எழுதினார்கள். உடைந்தால் அரசர் பேர் குப்பையில் கிடக்குமே என்று 1677இல் அந்த ஊர் அதிகாரி ஆண்டுப் பேர் எழுதத் தடை போட்டார். அதன் பிறகு வெறும் இரட்டை வட்டத்தோடு நிறுத்திய தட்டுகளும் வந்தன. என்னைக் கேட்டால், அந்த வெற்று வட்டம் எழுத்தைவிட நம்பகமான சாட்சி.

இனி என் அவமானம் ஒன்று. நாகர்கோவிலில் பெரியம்மை வீட்டில் பூப்போட்ட ஆறு தட்டுகள் இருந்தன. அடியில் 'இங்கிலாந்து' என்ற முத்திரை. பக்கத்தில், மெருகின்மேல், சின்னச் சிவப்புப் புள்ளி. தீட்டிய பெண்ணின் அடையாளம் என்று அரைப்பக்கம் குறிப்பெழுதி அதைப் பெரியம்மையிடம் வாசித்தும் காட்டினேன். அவர் சிரித்த சிரிப்பு! "மக்களே, அது நாங்க வச்ச பொட்டுல்லா. கல்யாண வீட்டுக்குக் குடுத்தா தட்டு மாறிப் போவாண்டாமா?" நகப்பூச்சுப் பொட்டு!

குறிப்பைக் கிழித்தேன், பொட்டை அழிக்கவில்லை. அதுவும் ஒரு குறிதான், உடையவரின் குறி. எவர்சில்வரில் பேர் வெட்டும் ஊர் நம்முடையது. ஈரானின் ஷா அப்பாஸ் 1611இல் அர்தபீல் தர்காவுக்குக் கொடுத்த சீனப் பாத்திரங்களிலும் அவர் முத்திரையைச் செதுக்கித்தான் வைத்திருக்கிறார்கள். அரசர் குறிக்குப் பட்டியலில் இடம் உண்டென்றால் பெரியம்மையின் பொட்டுக்கும் உண்டு.

பரணில் கிடந்த தட்டுகளைக் கொண்டுவந்திருக்கும் தாய்மார்களிடம் ஒரு வேண்டுகோள். பிற்பகல் அமர்வுக்கு முன் அவற்றைப் புளி போட்டுத் தேய்த்துவிடாதீர்கள். அழுக்கோடு, பொட்டோடு, ஒட்டிய காகிதத்தோடு அப்படியே கொடுங்கள். அடிப்புறத்தைப் படம் எடுத்த பிறகு, நாங்களே கழுவித் தருகிறோம்.