மார்ச் மாதத்துக்கு முன்னால்



வைத்தியரிடம் ஒலிவாங்கியைக் கொடுத்தால் சீனி வியாதியைப் பற்றித்தான் பேசுவார் என்று நினைத்திருப்பீர்கள். இன்று அதற்கு விடுமுறை.

நம்மில் சிலர் தெல்தெனியவிலும் ரங்கலையிலும் வீட்டு அறைகளைப் பயணிகளுக்கு விடுகிறோம். சிலர் ஜேர்மனியிலும் இங்கிலாந்திலும் வாழ்கிறோம். இரு சாராரும் சேர்ந்து, அடுத்த மார்ச்சில் பெர்லினில் நடக்கும் சுற்றுலாக் கண்காட்சிக்கு ஆயத்தமாகலாம் என்பதே நம் யோசனை.

1966இல் தொடங்கிய சந்தை அது. முகவர்கள் அங்கே வரப்போகும் பருவங்களுக்கான அறைகளையும் விலைகளையும் பேசுகிறார்கள். மார்ச்சில் பேச வேண்டுமானால் விலைப்பட்டியலும் படங்களும் மார்கழிக்குள் கையில் இருக்க வேண்டும். வீடுகள் சுற்றுலா அபிவிருத்தி அதிகாரசபையில் பதிவாகியிருக்க வேண்டும். பதிவைத்தான் நாம் எப்போதும் கடைசிக்குத் தள்ளுகிறோம்.

காட்ட நம்மிடம் என்ன இல்லை? 2010இல் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்த நக்கிள்ஸ் மலைக்கு நம் ஊர் ஒரு வாசல். வரட்சியில் விக்டோரியா நீர்த்தேக்கம் வற்றினால் பழைய தெல்தெனியவின் எச்சங்கள் தலைகாட்டும்.

ஆனால் 2018ஐ மறைத்துவிட்டுப் பேச முடியாது. திகன, தெல்தெனிய வன்செயல்களால் அந்த மார்ச் 6ஆம் திகதி நாட்டில் அவசரகால நிலை பிரகடனமானது. மறுநாள் பெர்லினில் கண்காட்சி திறந்தது. நம் ஊரின் பெயர் அந்த வாரம் உலகத்துக்குப் போய்ச் சேர்ந்தது எரிந்த கடைகளோடுதான். அதனால் நம் பட்டியலில் முஸ்லிம் தோழிகளின் வீடுகள் முதலில் வரட்டும். சிங்கள அயலவர்களையும் கேட்போம். தமிழ் வீடுகள் மட்டும் என்றால் நாம் இதில் இறங்கவே வேண்டாம்.

இன்னொன்று, படங்கள். கொழுந்துக்கூடையோடு சிரிக்கும் பெண்ணின் படம் இலங்கை விளம்பரங்களில் ஓயாமல் வருகிறது. அவர் நம்மில் ஒருத்தியின் அம்மாவாக இருக்கலாம். கேட்காமல் எடுத்த படம் நமக்கு வேண்டாம். லயத்தைக் காட்சிப்பொருளாக்கும் நடைப்பயணமும் வேண்டாம். அதே அம்மா தன் அடுப்பில் ரொட்டி சுட்டுக் கொடுத்துக் காசு வாங்கினால், அந்தப் படத்தை அவர் சம்மதத்தோடு போடுவோம்.

வைத்தியர் புத்தி போகாது, மன்னியுங்கள்: மலைக்குக் கூட்டிப்போகும் பிள்ளைகள் முதலுதவி படிக்க வேண்டும். அட்டைக்கடி பெரிதில்லை, மழையில் வழுக்கிக் கால் முறிந்தால் தெல்தெனிய வைத்தியசாலைக்குக் கொண்டுவரவே நேரமாகும். அந்த வகுப்பை நம் சங்கத்து வைத்தியர்களும் தாதியரும் நடத்துகிறோம்.

வீடு தர விரும்புவோர், தேநீர் இடைவேளையில் செயலாளரிடம் பெயரைக் கொடுத்துவிடுங்கள். ஜேர்மன் மொழி தெரிந்த சகோதரிகள் மண்டபத்தை விட்டுப் போய்விட வேண்டாம்.