எண்ணூற்றைம்பது சொற்களும் எண்ணில் பொருள்களும்

(இலக்கிய வட்டக் கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



ஒரு மொழியைப் புதிதாகக் கற்போர்க்கு எத்தனை சொற்கள் போதும்? கேட்பதற்கு இது கணக்கு வினாவாகத் தோன்றும். ‘எத்தனை’ என்பதை விடுத்து ‘எவை’ என்று கேட்டவுடன் அது கணக்கின் எல்லையைக் கடந்துவிடுகிறது. ஒரு சொல்லைப் பட்டியலில் சேர்ப்பதும் பிறிதொன்றை விலக்குவதும், கற்போர் எதைச் சொல்லலாம், எதைச் சொல்ல இயலாமல் தவிக்கலாம் என்பதை முன்கூட்டியே முடிவு செய்வதாகும். ஆங்கிலம் கற்போர்க்கென 20ஆம் நூற்றாண்டில் வகுக்கப்பெற்ற அடிப்படைச் சொற்றொகைகளை இந்நோக்கில் ஆராய்வது, சொல்லையே கருவியாகக் கொண்ட கவிஞர்க்கும் பயன் தரும்.

சொற்களைத் தொகுத்துக் கற்பித்தல் தமிழர்க்குப் புதிதன்று. திண்ணைப் பள்ளி மாணாக்கர் நிகண்டுகளை மனப்பாடம் செய்தனர். மண்டல புருடரின் சூடாமணி நிகண்டு 12 தொகுதிகளைக் கொண்டது. அவற்றுள் 11ஆம் தொகுதி ஒரு சொல் பல பொருள் தருவதை எடுத்துரைப்பது. நிகண்டின் நோக்கம் விரிவு. செய்யுள் செய்யப் புகுவோனுக்குச் சொல்வளத்தை வாரி வழங்குவது அது. ஆங்கிலச் சொற்றொகைகளின் நோக்கமோ சுருக்கம். புறப்பட்ட திசை வேறாயினும், ஒரு சொல் பல பொருள் என்னும் அந்தப் 11ஆம் தொகுதியின் சிக்கலிலேயே அவையும் வந்து நிற்கின்றன.

ஆக்டன் வகுத்த ஆங்கிலம்

சி. கே. ஆக்டன் என்னும் ஆங்கில அறிஞர் 1930இல் ‘பேசிக் இங்கிலீஷ்’ என்னும் திட்டத்தை நூலாக வெளியிட்டார். இவர் ஐ. ஏ. ரிச்சர்ட்ஸுடன் இணைந்து 1923இல் ‘தி மீனிங் ஆஃப் மீனிங்’ என்னும் நூலை எழுதியவர். தமிழ்த் திறனாய்வாளர் நன்கறிந்த அந்த ரிச்சர்ட்ஸே பின்னர் சீனாவிலும் அமெரிக்காவிலும் பேசிக் ஆங்கிலத்தைப் பரப்ப முன்னின்றார்.

ஆக்டனின் பட்டியலில் உள்ளவை 850 சொற்கள். அவற்றுள் 400 பொதுப் பொருட்பெயர்கள். 200 படமாக வரைந்து காட்டத்தக்க பொருட்பெயர்கள். 150 பண்புச் சொற்கள். 100 செயற்பாட்டுச் சொற்கள். ஒரு தாளின் ஒரு பக்கத்தில் அத்தனையையும் அச்சிட்டுவிடலாம் என்பது அத்திட்டத்தின் பெருமிதம். வினைச்சொற்களை அவர் குறைத்த முறை வியப்பூட்டுவது. ‘கம், கோ, கெட், கிவ், புட், டேக்’ முதலிய 16 வினைகளும் ‘மே, வில்’ என்னும் இரண்டு துணைவினைகளும் ஆக 18 மட்டுமே எஞ்சின. ‘ஆஸ்க்’ இல்லை, ‘கேள்வியை வை’ என்னும் பொருளில் ‘புட் எ கொஸ்டின்’ எனல் வேண்டும். ‘வான்ட்’ இல்லை, ‘ஹாவ் எ டிசையர்’ எனல் வேண்டும். ‘ஈட்’ இல்லை, ‘டேக் ஃபுட்’ உண்டு.

தமிழறிந்தோர்க்கு இம்முறை அயலாகத் தோன்றாது. உதவி செய், முடிவு எடு, கூச்சல் போடு எனப் பெயரோடு பொதுவினையைச் சேர்த்துப் புதிய வினையாக்குவது தமிழின் இயல்பான வழக்கு.

எளிமையின் மறைமுகச் சுமை

எனினும் ஒரு வினா எழுகின்றது. சொற்கள் குறைந்தமையால் கற்போரின் சுமை குறைந்ததா? ‘புட்’ என்பது மூன்றெழுத்துச் சொல். ‘புட் அவுட்’ என்றால் அணைத்தல். ‘புட் ஆஃப்’ என்றால் தள்ளிப்போடுதல். ‘புட் அப் வித்’ என்றால் பொறுத்துக்கொள்ளுதல். ‘புட்’ என்பதையும் ‘அப்’ என்பதையும் ‘வித்’ என்பதையும் தனித்தனியே நன்கறிந்த மாணாக்கர் மூன்றையும் கூட்டிப் பார்த்தாலும் பொறுமை என்னும் பொருள் அதனுள் தென்படாது. அதனைத் தனியே கற்றாக வேண்டும். பட்டியல் அதனைத் தனிச்சொல்லாக எண்ணுவதில்லை; கற்போரின் நினைவு எண்ணியே தீர வேண்டும். எண்ணிக்கையில் மிச்சமானது பொருளில் செலவாகிவிடுகின்றது. ‘டாலரேட்’ என்னும் கடினச்சொல் ஒன்றைக் கற்பது இதனினும் எளிது எனலாம்.

கண்ணீரும் ‘கண்–நீரும்’

1943 செப்டம்பர் 6ஆம் நாள் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் உரையாற்றிய பிரித்தானியப் பிரதமர் சர்ச்சில், பேசிக் ஆங்கிலத்தை உலகெங்கும் பரப்பலாம் எனப் பரிந்துரைத்தார். வருங்காலப் பேரரசுகள் உள்ளத்தின் பேரரசுகளாக இருக்கும் என்னும் கருத்தும் அவ்வுரையில் இடம்பெற்றது. கற்போர் நலத்துக்கெனப் பிறந்த பட்டியல் ஆட்சியாளரின் கருவியாகவும் ஆகலாம் என்பதற்கு இதுவே சான்று.

அடுத்த ஆண்டு அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ரூஸ்வெல்ட் சர்ச்சிலுக்கு எழுதிய மடலில் ஒரு நகைச்சுவை இழையோடியது. 1940இல் இரத்தம், உழைப்பு, கண்ணீர், வியர்வை இவற்றையே தம்மால் தர இயலும் எனச் சர்ச்சில் முழங்கியது புகழ்பெற்றது. பேசிக் ஆங்கிலத்தில் கண்ணீருக்கும் வியர்வைக்கும் சொல் இல்லை. எனவே ‘இரத்தம், வேலை, கண்–நீர், முக–நீர்’ என்றுதான் சர்ச்சில் சொல்லியிருக்க இயலும். அவ்வாறாயின் வரலாறு என்னவாகியிருக்கும் என ரூஸ்வெல்ட் வினவினார்.

ஆங்கிலேயர்க்கு இது நகைப்பு. தமிழர்க்கோ சிந்தனைக்குரியது. ஏனெனில் தமிழில் கண்ணீர் என்பதே கண்ணும் நீரும் கூடிய சொல்தான். அதனைக் கேட்டு எவரும் நகைப்பதில்லை. சங்கப் பாடல் முதல் நாட்டுப்புற ஒப்பாரி வரை தலைமுறை தலைமுறையாக அழுது அழுது அச்சொல்லை உருவாக்கியிருக்கிறார்கள். ‘ஐ வாட்டர்’ என்பதில் எவரும் அழுததில்லை. இரு சொல்லைக் கூட்டி ஒரு பொருளைக் காட்டுவது வறுமையன்று. கூட்டியதை வாழ்ந்து பழக்காமல் பட்டியலில் மட்டும் வைத்திருப்பதே வறுமை. உணர்வுச் சொல்லை வழக்கே உருவாக்குகின்றது, திட்டம் உருவாக்குவதில்லை.

ஆயினும் ஆக்டனைக் கவிதைக்குப் பகைவர் எனக் கொள்ளுதல் முறையன்று. அவரது பட்டியலில் ‘வெர்ஸ்’ உண்டு, ‘ரிதம்’ உண்டு. செய்யுளும் சந்தமும் அடிப்படைத் தேவைகள் என அவர் கருதியிருக்கிறார். மொழியை எல்லை கடந்து விரித்த ஜேம்ஸ் ஜாய்ஸின் குரலை 1929இல் ஒலிப்பதிவு செய்தவரும் அவரே. ஜாய்ஸ் படித்த அந்த ‘அன்னா லிவியா’ பகுதியின் இறுதியைப் பேசிக் ஆங்கிலத்தில் பெயர்த்து 1931இல் தம் இதழில் வெளியிட்டார். கவிஞர் வில்லியம் எம்ப்ஸன், ஹால்டேனின் அறிவியல் கட்டுரைகளைப் பேசிக் ஆங்கிலத்தில் 1935இல் தந்தார். குறுகிய சொற்பரப்பு எழுதுவோனை ஒவ்வொரு சொல்லுக்கும் பொருள் என்னவென்று தன்னையே கேட்டுக்கொள்ளச் செய்கின்றது. அப்பயிற்சி கவிஞர்க்கு நன்று. கற்கத் தொடங்குவோர்க்கு அது போதுமா என்பதே ஆராயத்தக்கது.

இடையில் நிற்போர் கையில் எஞ்சுவது

ஆக்டன் மொழியைப் பகுத்துப் பார்த்தார். வேறொருவர் வகுப்பறையைப் பார்த்தார். அவர் மைக்கேல் வெஸ்ட். இந்தியக் கல்விப் பணியில் சேர்ந்து டாக்காவில் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் பணியாற்றியவர். வங்கத்துச் சிறுவருள் மிகப் பலர் படிப்பை முடிக்காமலே பள்ளியை விட்டு விலகுவதை அவர் கண்டார். 1926இல் வெளிவந்த தம் நூலில் காப்பீட்டுத் துறையிலிருந்து ஒரு கருத்தை எடுத்தாண்டார். காப்பீட்டை முதிர்வுக்கு முன்னரே நிறுத்திவிடுவோர்க்கும் ஒரு தொகை திரும்பக் கிடைக்கின்றது. அதுபோல், பாதியில் படிப்பை நிறுத்தும் சிறுவன் கையில் எஞ்சுவது என்ன என்று கேட்டார். பத்தாண்டு கற்றால்தான் பயன் தரும் என அமைந்த பாடத்தில் இரண்டாண்டு கற்று நின்றவனுக்கு ஒன்றும் எஞ்சுவதில்லை. ஆகவே முதலாண்டிலேயே அவன் தானே எடுத்துப் படிக்கத்தக்க எளிய நூல்கள் வேண்டும். அவற்றுக்குத் தேர்ந்த சொற்கள் வேண்டும் என வாதிட்டார்.

இக்கொள்கையின் வழியில் அவர் 1935இல் வெளியிட்ட அகராதி, 1,490 சொற்களைக் கொண்டே ஏறத்தாழ 24,000 சொற்களையும் தொடர்களையும் விளக்கியது. 1953இல் வெளிவந்த அவரது ‘ஜெனரல் சர்வீஸ் லிஸ்ட்’ ஏறத்தாழ 2,000 சொற்களைக் கொண்டது. அதன் சிறப்பு எண்ணிக்கையில் இல்லை. ஒவ்வொரு சொல்லுக்கும் எந்தப் பொருள் எத்தனை விழுக்காடு வழங்குகின்றது என்பதையும் அது பிரித்துக் காட்டிற்று. ஆக்டன் மறைத்துவிட்ட சுமையை வெஸ்ட் வெளிப்படையாக எடைபோட்டுக் காட்டினார் எனலாம்.

அந்த 2,000 சொற்கள் பொதுவான ஆங்கில உரைநடையில் ஏறத்தாழ 80 விழுக்காட்டைத் தழுவும் என்பர். ஐந்து சொல்லுக்கு நான்கு தெரிகின்றது என மகிழலாம். ஆனால் தெரியாத அந்த ஐந்தாவது சொல்தான் பெரும்பாலும் பேசப்படும் பொருளையே சுமந்து நிற்கும். நோயாளி கையிலுள்ள மருந்துக் குறிப்பில் தெரிந்த நான்கு சொற்கள் உணவு, வேளை, முன், பின் என்பன. தெரியாத ஒன்று நோயின் பெயர்.

உணர்வுக்குத் தாய்மொழி போதுமா?

வெஸ்ட் தம் தேர்வுக்கு வகுத்த அளவுகோல்களுள் ஒன்று கவிஞர்கள் கருத்தூன்றத்தக்கது. அயலார் ஆங்கிலம் கற்பது கருத்தை உரைக்கவே. உணர்வை வெளியிட அவர்க்குத் தாய்மொழி இருக்கின்றது. ஆதலின் உணர்ச்சிச் செறிவுடைய சொற்கள் முதலிடம் பெற வேண்டுவதில்லை என்பது அவர் கருத்து. டாக்காவின் வகுப்பறைக்கு அது பொருந்தியிருக்கலாம். மாலையில் அச்சிறுவன் வங்கமொழி பேசும் வீட்டுக்குத் திரும்பினான்.

திரும்ப வீடில்லாதோரின் நிலை என்ன? 1983க்குப் பின் ஈழத்திலிருந்து புலம்பெயர்ந்த தமிழருள் பலர் இலண்டனிலும் டொராண்டோவிலும் ஆங்கிலத்தின் நடுவே வாழ நேர்ந்தது. மொழிபெயர்ப்பாளர் உடனிருக்கும் நேரம் சிறிது. மருத்துவரிடம், பிள்ளையின் ஆசிரியரிடம், அடுத்த வீட்டாரிடம் தம் துயரைத் தாமே சொல்ல வேண்டிய நேரம் பெரிது. அவர்க்கு உணர்வைச் சொல்லவும் ஆங்கிலமே வேண்டியிருந்தது. தாய்மொழியில் அழலாம், ஆனால் அழுகையின் காரணத்தை எதிரே இருப்பவர்க்குச் சொல்ல அவர் மொழியன்றோ வேண்டும்?

ஆக்டனின் பட்டியலை அவர் கையில் கொடுத்துப் பார்த்தால் அதன் வலிவும் மெலிவும் ஒருங்கே விளங்கும். ‘வார்’ உண்டு, ‘ஃபியர்’ உண்டு, ‘பெயின்’ உண்டு, ‘லாஸ்’ உண்டு, ‘பிரிஸன்’ உண்டு. போர், அச்சம், வலி, இழப்பு, சிறை அனைத்தையும் சொல்லிவிடலாம். ‘ஹவுஸ்’ உண்டு; அதனைப் படமாக வரையலாம். ‘ஹோம்’ இல்லை. தமிழர் ‘ஊர்’ என்று சொல்லும்போது உள்ளத்தில் எழுவதற்கு அணுக்கமான அந்த ஆங்கிலச் சொல்லை எவராலும் வரைந்து காட்ட இயலாது. இடிந்த கட்டடத்தைப் பற்றி அவர் பேசலாம். இழந்த ஊரைப் பற்றிப் பேச அவர் சுற்றி வளைக்க வேண்டும்.

சொற்றொகை அமைப்போர்க்குச் சில

அடிப்படைச் சொற்றொகை வேண்டாம் என்பது இதன் முடிபன்று. எல்லையற்ற கடலைக் காட்டி அஞ்சச் செய்வதினும் ஒரு துறையைக் காட்டி இறங்கச் செய்வதே ஆசிரியர் கடன். ஆனால் தொகுப்போர் மூன்றனை மறத்தலாகாது. முதலாவது, சொல்லை எண்ணாது பொருளை எண்ணுதல் வேண்டும். ‘புட்’ ஒரு சொல்லன்று, பல சொல். இரண்டாவது, முடித்தவரை வைத்தன்று, இடையில் நின்றவரை வைத்தே பட்டியலை மதிப்பிடுதல் வேண்டும். மூன்றாவது, கற்போர் வாங்கவும் விற்கவும் மட்டுமே வருபவர் அல்லர்; மறுக்கவும் இரங்கவும் நன்றி கூறவும் இழந்ததைச் சொல்லவும் வருபவர் என்பதை உணர்தல் வேண்டும்.

தமிழை இரண்டாம் மொழியாகக் கற்கும் புலம்பெயர்ந்தோர் பிள்ளைகளுக்குச் சொற்றொகை அமைப்போர்க்கும் இம்மூன்றும் பொருந்தும். அப்பணியில் மொழியியலாரோடு கவிஞரும் அமர்தல் நன்று. எச்சொல் அடிக்கடி வருகின்றது என்பதைக் கணக்கிடுவோர் கூறுவர். அரிதாக வரினும் வரும் நாளில் இல்லாமல் முடியாத சொல் எது என்பதைக் கவிஞரே கூறவல்லார். அத்தகைய சொற்களுள் ஐம்பதைத் தெரிந்தெடுத்து முதற்பாடத்தில் வைத்தால், இரண்டே மாதத்தில் படிப்பை நிறுத்தும் குழந்தையின் கையிலும் ஊர் என்னும் சொல் எஞ்சியிருக்கும்.