பனித்தடத்தில் ஒரு விரைவோட்டம்



வெண்பனி மூடிய நிலத்தை நான் கண்ணால் கண்டதில்லை. மார்கழி விடியலில் புல்நுனியில் நிற்கும் துளியைத்தான் நம்மவர் பனி என்பர். முழங்கால் அளவு குவிந்து கிடக்கும் பனியோ நமக்குப் படங்களில் மட்டும் அறிமுகமான பொருள். அத்தகைய நான் பனிச்சறுக்கு ஓட்டத்தைப் பற்றிப் பேச வந்திருப்பது துணிச்சலான செயல் என்று நீங்கள் நகைக்கக்கூடும். முப்பது ஆண்டுகளுக்கு மேல் பள்ளி விளையாட்டு விழாக்களில் ஊதலும் நிறுத்துக் கடிகாரமுமாக நின்றவன் என்ற ஒரே உரிமையில்தான் பேசுகிறேன்.

மலையுச்சியிலிருந்து சரேலென்று கீழே பாயும் பனிச்சறுக்கு வேறு. நான் சொல்லப்போவது வேறு. இது மேடும் பள்ளமும் சமவெளியுமாகிய தடத்தில் சொந்த வலிமையால் ஓடும் ஓட்டம். வீரனின் காலணி, விரல்முனைப் பக்கம் மட்டுமே பலகையோடு பொருத்தப்பட்டிருக்கும். குதிகால் விடுதலையாக மேலெழும். அந்தப் பலகைக்கு 'ஸ்கீ' என்று பெயர். ஆள் உயரத்தையும் மிஞ்சும் நீளம், மிகக் குறுகிய அகலம், எடையோ வியக்கத்தக்க அளவு குறைவு. இரு கைகளிலும் ஊன்றுகோல்கள். ஏற்றத்தில் நெஞ்சு வெடிக்க உந்த வேண்டும். இறக்கத்தில் மூச்சு வாங்கிக்கொண்டே வளைவுகளைச் சமாளிக்க வேண்டும்.

இவ்வகை ஓட்டங்கள் பழங்காலத்தில் பதினைந்து, முப்பது, ஐம்பது கிலோமீட்டர் என நீண்டு கிடந்தன. காடுகளுக்குள் மறைந்த வீரனை நெடுநேரம் கழித்தே பார்வையாளர் மீண்டும் காண்பர். அதற்கு மாறாகக் குறுகிய தொலைவில், கண்முன்னே முட்டி மோதி முடியும்படி அமைத்ததே விரைவோட்டம். உலகச் சாம்பியன் போட்டியில் 2001-ஆம் ஆண்டு பின்லாந்தின் லாஹ்தி நகரில் தனிநபர் விரைவோட்டம் முதன்முதலாக இடம்பெற்றது. நார்வே நாட்டு டோர் ஆர்னே ஹெட்லண்ட் ஆடவர் பிரிவில் வென்றார். அடுத்த ஆண்டு சால்ட் லேக் சிட்டி ஒலிம்பிக்கில் இது முதன்முதலாகச் சேர்க்கப்பட்டபோதும் அவரே வென்றார்.

விரைவோட்டம் என்றவுடன் நூறு மீட்டர் ஓட்டத்தை எண்ணிவிடாதீர்கள். ஆடவர்க்குத் தொலைவு ஒன்றரைக் கிலோமீட்டரை ஒட்டி இருக்கும்; மூன்று, மூன்றரை நிமிடம் பிடிக்கும். நம் பள்ளிகளில் ஆயிரத்து ஐந்நூறு மீட்டர் ஓடியவர்களுக்கு அந்த மூன்றரை நிமிடம் எத்தகையது என்று தெரியும். முதலில் ஒவ்வொருவரும் பதினைந்து நொடி இடைவெளியில் தனித்தனியே ஓடிக் காலத்தைப் பதிவு செய்வர். முதல் முப்பதின்மர் தேறுவர். பின்னர் அறுவர் அறுவராக ஐந்து காலிறுதிகள். ஒவ்வொன்றிலும் முதலிருவரும், தோற்றவருள் மிகக் குறைந்த நேரம் எடுத்த இருவரும் அரையிறுதிக்குப் போவர். மீண்டும் அதே முறையில் ஆறு பேர் இறுதிக்கு வருவர். ஆகவே வெற்றி பெறுபவன் ஒரே நாளில் நான்கு முறை உயிரைக் கொடுத்து ஓடவேண்டும். முதலில் தனியே ஓடவிட்டுத் தகுதி பார்ப்பதும், தோற்றவருள்ளும் விரைந்தவனுக்கு வழி வைப்பதும் மிக நேர்மையான ஏற்பாடு என்பது என் கருத்து. நம் மாவட்டப் போட்டிகளில் சீட்டுக் குலுக்கிப் பிரித்துப் பட்ட துன்பங்களை நானறிவேன்.

வெற்றி எத்துணை நூலிழையில் தொங்கும் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. 2010-ஆம் ஆண்டு வான்கூவர் ஒலிம்பிக் இறுதியில் ரஷ்யாவின் நிகிதா கிரியுகோவும், அவர் நாட்டவரே ஆன அலெக்சாந்தர் பன்ஜின்ஸ்கியும் ஒன்றாகக் கோட்டைக் கடந்தனர். இருவர்க்கும் பதிவான நேரம் 3 நிமிடம் 36.3 நொடி. புகைப்படத்தைப் பார்த்துத்தான் தங்கம் கிரியுகோவுக்கு என்று முடிவு செய்தார்கள்.

நான் உங்களிடம் விரிவாகச் சொல்ல விரும்புவது அதற்கடுத்த ஒலிம்பிக்கை. 2014-ஆம் ஆண்டு பிப்ரவரி 11-ஆம் நாள். இடம், ரஷ்யாவின் சோச்சி. கருங்கடற்கரையை ஒட்டிய அந்நகர், பனி விளையாட்டுக்குச் சற்று வெப்பமான இடந்தான். பந்தயம் நடந்தது மலைமேலுள்ள திடலில். அன்று வெயிலில் பனி இளகிக் கிடந்தது. இளகிய பனி, வேகமாக வரும் வீரனின் பலகையைப் பிடித்து இழுக்கும். வளைவுகளில் கால் வாரிவிடும்.

அரையிறுதி ஒன்றில் அந்தோன் கஃபாரோவ் என்ற ரஷ்ய வீரர் ஓடினார். சொந்த நாடு; சொந்த மக்கள்; திடல் நிறைய அவருக்காகவே எழும் ஆரவாரம். இறக்கத்து வளைவொன்றில் அவர் விழுந்தார். எழுந்து மீண்டும் ஓடினார், மீண்டும் விழுந்தார். அவருடைய ஒரு பலகை முறிந்து, அடிப்பாகத்தின் ஏடு நீளமாக உரிந்து காலைச் சுற்றிக்கொண்டது. கண்ணியில் கால் சிக்கிய மானைப்போல அவர் நடையும் ஓட்டமுமாகத் தள்ளாடினார். உடன் ஓடியவர் எவரும் கண்ணில் இல்லை. இறுதிக்குப் போகும் வாய்ப்பு அறவே போய்விட்டது. ஆயினும் தடத்தைவிட்டு அவர் விலகவில்லை.

தடத்தோரம் பலர் நின்றிருந்தனர். அவர்களிடையிலிருந்து ஒரு மனிதர் கையில் ஒரு பலகையோடு தடத்துக்குள் ஓடிவந்தார். அவர் ரஷ்யர் அல்லர். கனடா அணியின் பயிற்சியாளர், ஜஸ்டின் வாட்ஸ்வொர்த். கையிலிருந்தது தம் வீரர் அலெக்ஸ் ஹார்விக்காகக் கொண்டுவந்த மாற்றுப் பலகை. ஹார்வி அன்று முன்னமே தோற்று வெளியேறிவிட்டார். வாட்ஸ்வொர்த் பனியில் மண்டியிட்டார். முறிந்த பலகையைக் கழற்றினார். தாம் கொண்டுவந்ததை மாட்டினார். இருவரும் ஒரு சொல்லும் பேசிக்கொள்ளவில்லை. கஃபாரோவ் எழுந்து ஓடினார். மற்றவர் ஓடி முடித்து நெடுநேரம் கழிந்தபின், கடைசியாகக் கோட்டைக் கடந்த அவருக்கு மக்கள் எழுந்து நின்று கைதட்டினர். தலைநிமிர்ந்து அவர் கோட்டைக் கடக்க வேண்டும் என்பதே தம் விருப்பம் என்று வாட்ஸ்வொர்த் பின்னர்க் கூறினார்.

இந்த வாட்ஸ்வொர்த் யார் என்று தேடிப் படித்தபோது எனக்கு வியப்பு மிகுந்தது. இவருடைய மனைவி பெக்கி ஸ்காட், கனடாவின் பெயர்பெற்ற பனிச்சறுக்கு வீராங்கனை. 2002-ஆம் ஆண்டு ஒலிம்பிக்கில் அவ்வம்மையார்க்குக் கிடைத்தது வெண்கலம். முன்னே வந்த இருவரும் ரஷ்யர். ஊக்கமருந்து உட்கொண்டது வெளிப்பட்டு இருவரும் தகுதி இழந்தனர். தமக்குரிய தங்கம் அவர் கைக்கு வந்து சேர்ந்தது 2004-ஆம் ஆண்டில். மேடையின் முதலிடத்தில் ஏறி நிற்க வேண்டிய நாளில் நிற்க முடியாமற்போன மனைவியின் வருத்தம் கணவர்க்குத் தெரியாதிருக்குமா? அம்மனிதர்தான் ரஷ்ய வீரர் முன் மண்டியிட்டார்.

மற்றொன்றும் உண்டு. 2006-ஆம் ஆண்டு டுரின் ஒலிம்பிக்கில் மகளிர் இணை விரைவோட்டத்தில் பெக்கி ஸ்காட்டும் சாரா ரென்னரும் கனடாவுக்காக ஓடினார்கள். நடுவழியில் ரென்னரின் ஊன்றுகோல் முறிந்தது. ஒரு கோலோடு அவர் திணறியபோது, தடத்தோரம் நின்ற நார்வேப் பயிற்சியாளர் பியோர்னார் ஹோக்கன்ஸ்மூன் தம் கையிலிருந்த கோலை நீட்டினார். அவர்க்கு அது மிக நீளமான கோல், ஆயினும் உதவிற்று. கனடா வெள்ளி வென்றது. நார்வே நான்காவதாக வந்து பதக்கம் இழந்தது! நன்றி மறவாத கனடா மக்கள் ஏறத்தாழ ஐந்து டன் மேப்பிள் மரப்பாகைத் திரட்டி நார்வேக்கு அனுப்பிவைத்தனர். மேப்பிள் என்பது அங்கு வளரும் ஒரு மரம். அதன் சாற்றைக் காய்ச்சினால் நம் பதநீர்ப் பாகைப்போல ஓர் இனிய பாகு கிடைக்கும்.

இனி என் கதையையும் சொல்லிவிடுகிறேன். சொல்லாமல் இதை முடித்தால் நான் உங்களை ஏமாற்றியவன் ஆவேன். 1980-களின் இறுதியில், நான் உதவி ஆசிரியனாக இருந்தபோது, மாணவர் சிலரை மாவட்டப் போட்டிக்கு அழைத்துச் சென்றிருந்தேன். ஆயிரத்து ஐந்நூறு மீட்டர் ஓட்டம் தொடங்கும் நேரம். வேறொரு பள்ளிப் பையன் என்னிடம் வந்தான். அவன் காலணியின் அடித்தோல் முன்பாதி உரிந்து தொங்கியது. அவனுடைய ஆசிரியர் அருகில் இல்லை. என் பைக்குள் ஒரு ஜோடிக் காலணி இருப்பதை அவன் பார்த்துவிட்டான். "சார், இந்த ஓட்டத்துக்கு மட்டும் அதைத் தருவீங்களா?" என்று கேட்டான். "எங்கள் பையனுக்குத் தேவைப்படும்" என்றேன். எங்கள் பையன் காலில் நல்ல காலணி இருந்தது. அது எனக்குத் தெரியும். தகுதிச் சுற்றில் அந்தப் பையன் எங்கள் பையனைவிட விரைவாக ஓடியிருந்தான். அதுவும் எனக்குத் தெரியும்.

அவன் வெறுங்காலோடு ஓடினான். சரளை கலந்த தடம். மூன்றாம் சுற்றுவரை முன்னே நின்றான்; பின்பு நொண்டத் தொடங்கி நான்காவதாக வந்தான். எங்கள் பையன் இரண்டாவது. பேருந்தில் திரும்பும்போது பிள்ளைகள் பாடிக்கொண்டு வந்தார்கள். காலணிகள் கட்டிய கயிறு அவிழாமல் என் மடியில் இருந்தன. அந்தப் பையனின் பெயரைக்கூட நான் கேட்டுக்கொள்ளவில்லை.

சோச்சியில் அன்றே நடந்த இறுதி ஓட்டத்தையும் சொல்ல வேண்டும். ஆறு பேர் புறப்பட்டனர். சுவீடனின் எமில் யோன்சன் களைத்துப் பின்தங்கி, பதக்க நம்பிக்கையை ஏறக்குறைய விட்டுவிட்டார். அப்போது முன்னே சென்ற ஐவருள் மூவர், ரஷ்யாவின் உஸ்தியுகோவ், நார்வேயின் குளோர்சன், சுவீடனின் ஹெல்னர், இறக்கத்தில் ஒருவர்மேல் ஒருவராய்ச் சரிந்தனர். நார்வேயின் ஓலா வீகன் ஹாட்டெஸ்டாட் தங்கத்தையும், சுவீடனின் தியோடர் பீட்டர்சன் வெள்ளியையும் பெற்றனர். விழுந்தவர்களைக் கடந்து வந்த யோன்சனுக்கு வெண்கலம் கிடைத்தது. கடைசி ஆளாகச் சென்றுகொண்டிருந்தவர் மூன்றாவதாகக் கோட்டைக் கடந்து, கடந்ததும் பனியில் விழுந்துவிட்டார்.

இவ்வோட்டங்களின் படம் உங்களில் எவர்க்கேனும் காணக் கிடைத்தால், அரையிறுதியை முதலில் பாருங்கள். இறுதி ஓட்டத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.