வலியும் மனமும்

மாத்தளையிலிருந்து இரத்தோட்டை வழியாக ஏறும் மலைப்பாதை, நக்கிள்ஸ் மலைத்தொடரிலுள்ள ரிவர்ஸ்டனை அடைகின்றது. காற்று ஓயாது வீசும் அம்முகட்டிலே தொலைத்தொடர்புக் கோபுரமொன்று நிமிர்ந்து நிற்கின்றது. கீழே, மாத்தளைப் பக்கத்துச் சரிவுகளிலே தேயிலைத் தோட்டங்கள் உள்ளன.

அத்தகைய தோட்டமொன்றிலே பல்லாண்டுகள் கொழுந்து பறித்த பெண்ணொருத்தியை எண்ணிப் பாருங்கள், நேயர்களே. ஓராண்டாக அவளுக்கு இடுப்பு வலி. தைலம் தடவினாள், பட்டி கட்டினாள், வலி தீரவில்லை. குனிந்தால் முதுகெலும்பு முறிந்துவிடுமோ என அஞ்சி அசையாதிருந்தாள். அசையாத தசை மெலிந்தது, மெலிந்த தசை மேலும் நொந்தது, உறக்கமும் போயிற்று.

மூன்று மாதங்களுக்கு மேல் நீடிப்பதை நாட்பட்ட வலி என்பர். முதுகுத் தண்டிலே வலியை மிகுக்கவும் குறைக்கவும் வல்ல வாயிலொன்று உண்டென்றும், அதனை மூளையும் ஆளுகின்றதென்றும் 1965இல் மெல்சாக், வோல் என்னும் அறிஞர் இருவர் விளக்கினர். அவ்விளக்கம் பின்னர்த் திருத்தம் பெற்றது. எனினும், அச்சமும் கவலையும் வலியை வளர்க்கும் என்பது நிலைத்துவிட்டது. மனத்தைக் கவனிக்கச் சொல்வது, வலி பொய்யென்று சொல்வதன்று.

நாட்பட்ட இடுப்பு வலிக்கு உடற்பயிற்சியையும் உளச்சிகிச்சையையும் உலக சுகாதார நிறுவனம் 2023 டிசம்பரில் பரிந்துரைத்தது. இடுப்புப் பட்டியை வழக்கமாகக் கட்டுவதை அது ஏற்கவில்லை.

கால் மரத்தல், சிறுநீர் அடங்காமை, காய்ச்சல் போன்ற அபாயக் குறிகள் உளவா என மருத்துவர் முதலில் நேரிற் பார்த்தல் வேண்டும். பின்னர் இயன்மருத்துவர் சிறுநடையும் குனிந்து நிமிர்தலும் படிப்படியாகப் பழக்குவார். உளச்சிகிச்சையாளரோ இணையவழித் தொலைபேசியிலே, வலி குறைந்த நாளில் மிகையாக உழைத்து மறுநாள் படுத்துவிடாதிருக்கவும், அச்சத்தைத் தணித்து உறங்கவும் கற்பிப்பார். ஒருவர் ‘குனியலாம்’ என்றும் மற்றவர் ‘ஓய்ந்திருங்கள்’ என்றும் கூறினால் நோயாளி தடுமாறுவாள். இருவரும் ஒரே சொல்லைச் சொல்லுதல் வேண்டும்.

தொலைவிலிருந்து அளிக்கும் உளச்சிகிச்சையால் விளையும் நன்மை சிறிதே. ஆயினும், நகருக்குச் சென்றால் அன்றைய கூலியை இழக்கும் ஒருத்திக்கு அச்சிறிதும் பெரிதல்லவா? ஆனால் லயத்து அறையிலே, பிறர் செவியில் விழாமல் மனந்திறந்து பேச அவளுக்கு இடம் வேண்டும். மறுமுனையில் தமிழறிந்தவர் வேண்டும். இவையின்றேல், மலைமுகட்டுக் கோபுரம் எத்துணை உயர்ந்து நின்றும் அவளுக்குப் பயனில்லை.