கல்லுடைப்பவர் கையில் கணக்கு



இன்று நான் பேச எடுத்துக்கொண்ட விஷயம் நமது புதுக்கோட்டை ஜில்லாவின் கல்லுடைக்கும் தொழிலைப் பற்றியது. கூட்டுறவு சங்கக் கூட்டத்தில் வட்டியையும் தவணையையும் விட்டுவிட்டுக் கல்லைப் பற்றிப் பேசுவானேன் என்று சிலர் எண்ணலாம். பாடுபடுகிறவனுக்குப் பாட்டின் பலன் ஏன் கிட்டாமற் போகிறது, அது கிட்டுவதற்கு வழி யாது என்னும் இரண்டையும் இந்த ஒரு தொழிலின் சரித்திரமே நமக்கு நன்றாக எடுத்துக் காட்டும்.

நமது நாடு வானம் பார்த்த பூமி. மழை பெய்து குளம் நிரம்பினால் வேளாண்மை. பெய்யாவிட்டால் கூலி வேலை. கல்லுக்கோ இங்கே குறைவில்லை. சித்தன்னவாசல் குடைவரையையும், 7-ஆம் நூற்றாண்டின் இசைக் கல்வெட்டு உள்ள குடுமியான்மலையையும், நார்த்தாமலையில் 9-ஆம் நூற்றாண்டில் எழுந்த விஜயாலய சோழீச்சுரத்தையும் காண எங்கிருந்தெல்லாமோ ஜனங்கள் வருகிறார்கள். அரசர் பெயரும் தானம் செய்தவர் பெயரும் கல்வெட்டுகளில் நிற்கின்றன. உளி பிடித்தவர், கல் சுமந்தவர் பெயரைத் தேடினால் அகப்படுவது அரிது.

கல் வேலைக்கு மட்டும் நேர்ந்த கதியன்று இது. நமது சமஸ்தானத்தில் முன்னாளில் அமானி என்றொரு முறை இருந்தது. விளைச்சலைச் சர்க்காரும் குடியானவனும் பங்கிட்டுக்கொள்வார்கள். சர்க்கார் ஆட்கள் வந்து மதிப்பிட்டு அளந்தாலன்றித் தான் விளைத்த நெல்லைக் குடியானவன் வீட்டுக்கு எடுத்துச் செல்லலாகாது. மரக்கால் யார் கையில் இருந்ததோ அவர் சொன்னதே அளவு. 1878-ல் நிர்வாகப் பொறுப்பேற்ற திவான் அ. சேஷய்ய சாஸ்திரியார் இம்முறையை ஒழித்து, நிலத்துக்கு இன்ன தொகை என்று பணத் தீர்வையை ஏற்படுத்தினார். கொடுக்கவேண்டியது இவ்வளவு என்று முன்கூட்டியே தெரிந்ததுதான் குடியானவனுக்கு அதனால் உண்டான முதல் நன்மை.

நெல்லில் ஒழிந்த அந்தச் சங்கடம் கல்லில் வெகு காலம் ஒழியவில்லை. 1948-ல் சமஸ்தானம் இந்திய யூனியனோடு சேர்ந்தது. 1974-ல் புதுக்கோட்டை தனி ஜில்லாவாயிற்று. ஆயினும் குவாரியின் குத்தகை காண்டிராக்டரிடமே இருந்தது. அவர் ஒரு குடும்பத்துக்கு முன்பணம் கொடுப்பார். அதற்கு ஈடு நிலமன்று, நகையுமன்று, உழைப்பே ஈடு. புருஷன் பாறையைப் பிளப்பான். மனைவி ஜல்லி உடைப்பாள். பிள்ளைகளும் கூடை சுமப்பார்கள். வாரக் கடைசியில் கணக்குப் பார்த்தால் கடன் குறைந்திராது. எத்தனை லாரி போயிற்று, கல் என்ன விலைக்கு விற்றது என்பது உடைத்தவர்களுக்குத் தெரியாது. கல்விலை ஏறினாலும் கூலி ஏறவில்லை; முன்பணம் தீராமல் வேறிடம் போகவும் முடியவில்லை.

இதற்குத்தான் கொத்தடிமை என்று பெயர். 1976-ஆம் வருஷத்துக் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் இத்தகைய கடன்களைச் செல்லாதவை என்று தள்ளிவிட்டது. ஹரியானாவிலுள்ள பரிதாபாத் கல் குவாரித் தொழிலாளர் வழக்கில் 1983-ல் சுப்ரீம் கோர்ட்டும் இவ்விதத் தொழிலாளரைக் கண்டறிந்து விடுவித்து மறுவாழ்வு அளிப்பது சர்க்காரின் கடமை என்று தீர்ப்புச் செய்தது. ஆனால் விடுதலை பெற்றவனுக்கு மறுநாள் அடுப்பெரிய வேண்டுமல்லவா? வேறு பிழைப்பு இல்லையேல் அவன் பழைய காண்டிராக்டரிடமே புதிய முன்பணம் கேட்டு நிற்பான்.

இந்த இடத்தில்தான் நமது ஜில்லா ஒரு நல்ல காரியத்தைச் செய்து காட்டியது. 1991-ல் இங்கே அறிவொளி இயக்கம் தொடங்கிற்று. அப்போது கலெக்டராயிருந்த ஷீலா ராணி சுங்கத் அம்மையார் அதற்குப் பெருந்துணையாய் நின்றார். ஆயிரக்கணக்கான பெண்கள் எழுத்தும் எண்ணும் கற்றதோடு சைக்கிள் விடவும் பழகினார்கள். அவர்களில் கல்லுடைக்கும் பெண்களும் உண்டு. அக்காலத்தில்தான் ஜில்லா நிர்வாகம் குடுமியான்மலை முதலிய இடங்களிலுள்ள சர்க்கார் குவாரிகளைக் காண்டிராக்டருக்கு விடாமல், அங்கே பாடுபட்ட பெண்களின் குழுக்களுக்கே குத்தகைக்கு விட்டது.

பாறையும் சம்மட்டியும் வெயிலும் அவையேதான். மாறியவை வேறு. குத்தகைச் சீட்டு அவர்கள் பெயரில் இருந்தது. லாரிகளை அவர்களே எண்ணினார்கள், விலையை அவர்களே பேசினார்கள், சர்க்காருக்குச் சேரவேண்டியதை அவர்களே கட்டினார்கள், மிச்சத்தைப் பங்கிட்டுக்கொண்டார்கள். புருஷன் கூலியில் ஒளிந்திருந்த மனைவியின் உழைப்பு அவள் பெயரிலேயே பதிவாயிற்று. எழுத்தறிவு பொழுதுபோக்கன்று என்பதற்கு இதைவிட அத்தாட்சி வேண்டுமோ?

இங்கிலாந்தில் ராச்டேல் என்னும் ஊரில் 1844-ல் 28 பேர் சேர்ந்து ஒரு பண்டகசாலை வைத்தார்கள். அவர்களில் நெசவாளிகள் பலர். கலப்படமற்ற சரக்கு, சரியான நிறை, அங்கத்தினர் எல்லோரும் பார்க்கக்கூடிய கணக்கு, ஆளுக்கு ஒரு வோட்டு ஆகியவையே அவர்கள் மூலதனம். நமது நாட்டில் 1904-ஆம் வருஷத்துச் சட்டம் கடன் சங்கங்களுக்கு மாத்திரம் இடங்கொடுத்தது. 1912-ஆம் வருஷத்துச் சட்டம் மற்றத் தொழில்களுக்கும் கதவைத் திறந்தது. ராச்டேல் நெசவாளிகள் நிறையைத் தங்கள் கையில் வைத்துக்கொண்டார்கள். நமது குவாரிப் பெண்கள் லாரிக் கணக்கைத் தங்கள் கையில் வைத்துக்கொண்டார்கள். காரியம் ஒன்றே.

ஆனால் ஒன்றை மறைக்கலாகாது. குத்தகை என்றைக்கும் நிலைப்பதன்று. தவணை முடிந்தால் மறுபடி போட்டி வரும். கையிருப்பில்லாத குழு அன்று பணக்காரனுக்கு எதிரே நிற்கமாட்டாது. நல்ல வருஷத்தில் லாபத்தையெல்லாம் பங்கிட்டுவிடாமல் ஒரு பகுதியை நிதியாகச் சேர்க்கவேண்டும் என்று சட்டம் சங்கங்களுக்கு விதித்திருப்பது இதற்காகவேயாகும்.

ஆகையால் அங்கத்தினர்களே, நான் தங்களைக் கேட்டுக்கொள்வது நான்கு காரியங்கள்.

முதலாவது, பாஸ் புஸ்தகத்தைப் பிறர் கையில் கொடுத்து வைக்காதீர்கள். கட்டிய பணத்துக்கு அன்றைக்கே ரசீது கேளுங்கள், கேட்பது அவமரியாதையன்று.

இரண்டாவது, முன்பணத்துக்கும் கடனுக்கும் உள்ள பேதத்தை அறியுங்கள். சங்கக் கடனுக்கு வட்டியும் தவணையும் எழுத்தில் உண்டு. அது உங்களை எந்த முதலாளியிடமும் கட்டிப் போடாது. முன்பணத்துக்கு ஈடாகப் போவது உங்கள் நாளைய உழைப்பு.

மூன்றாவது, வேலை செய்யும் பெண்களை அவர்கள் பெயரிலேயே அங்கத்தினராகச் சேருங்கள். கல், கட்டட வேலை செய்வோர் 1982-ஆம் வருஷத்து உடலுழைப்புத் தொழிலாளர் சட்டத்தின் கீழ் 1994-ல் ஏற்பட்ட கட்டுமானத் தொழிலாளர் நலத் திட்டத்தில் ஆணும் பெண்ணும் தனித்தனியே பதிந்துகொள்ளவேண்டும். கல் தூசு நுரையீரலைக் கெடுக்கும். வெடியும் சரிவும் எந்த நாளிலும் வரலாம். ஆபத்து வந்தபின் பதியப் போவதில் பயனில்லை.

நான்காவது, பொதுக்கூட்டத்தில் வரவு செலவை வாசிக்கும்போது எழுந்து கேள்வி கேளுங்கள். தணிக்கைக்கு வரும் உத்தியோகஸ்தன் வருஷத்துக்குச் சில நாள்தான் பேரேட்டைப் புரட்டுவான். அங்கத்தினர் கண் வருஷம் முழுதும் அதன்மேல் இருக்கவேண்டும்.

வேலை செய்யக் கற்றுக்கொடுக்க நமது ஜனங்களுக்கு யாரும் வேண்டியதில்லை. அதை ஆயிரம் வருஷமாய்ச் செய்து வருகிறார்கள். அளவும் கணக்கும் அவர்கள் கைக்கு வரவேண்டும். அடுத்த பொதுக்கூட்டத்துக்கு வரும்போது ஒவ்வொருவரும் தம் பாஸ் புஸ்தகத்தைக் கையோடு கொண்டு வந்து, பேரேட்டோடு ஒத்துப் பார்த்துக்கொள்ளுமாறு வேண்டி என் பேச்சை முடித்துக்கொள்ளுகிறேன்.