வரி எண்ணை எவரிடம், எவ்வழியில் கொடுப்பது?



அமெரிக்காவில் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு இணையவழி விற்பனை புதிதன்று. ஊரிலிருந்து தருவித்த சுங்குடிச் சேலைகளை ஈபேயில் விற்போர் உண்டு. கைவினை நகைகளை எட்ஸியில் விற்கும் மாணவியரும் உண்டு. விற்பனை சற்றே பெருகியதும் அத்தளம் சமூகப் பாதுகாப்பு எண்ணைக் கேட்கிறது. பலர் திகைத்து நிற்பது இவ்விடத்தில்தான்.

அந்த அச்சம் நியாயமானதே. 2017-இல் ஈக்விஃபேக்ஸ் நிறுவனத்திலிருந்து ஏறத்தாழ 14 கோடியே 70 இலட்சம் பேரின் விவரங்கள் களவு போயின. கடன் அட்டை தொலைந்தால் வேறு எண் தருவார்கள். இந்த ஒன்பது இலக்கங்களோ பெரும்பாலும் வாழ்நாள் முழுவதும் தொடர்பவை.

ஆயினும், மறுப்பது தீர்வாகாது. 2023 ஜூன் 27 முதல் நடைமுறையில் உள்ள இன்ஃபார்ம் நுகர்வோர் சட்டம், பன்னிரண்டு மாதங்களுக்குள் புதிய பொருள்களை 200 முறையேனும் விற்று, 5,000 டாலரேனும் பெற்றவரிடம் வரி எண்ணையும் வங்கிக் கணக்கு விவரத்தையும் பெறுமாறு தளங்களைப் பணிக்கிறது. தராதவரின் விற்பனை நிறுத்தப்படும். வரிச் சட்டப்படி 24 விழுக்காடு பிடித்தம் செய்யவும் இடமுண்டு.

எனவே எந்த எண்ணைக் கொடுப்பது என்பதே கேள்வி. தனியொருவராகத் தொழில் செய்பவரும் இ.ஐ.என். எனப்படும் தொழில் அடையாள எண்ணைப் பெறலாம். ஐ.ஆர்.எஸ். இணையத்தளத்தில் அது இலவசம். (இதற்கும் கட்டணம் வாங்கும் இடைத்தரகர்கள் இருக்கிறார்கள் என்பதுதான் வேடிக்கை!) டபிள்யூ-9 படிவத்தின் முதல் வரியில் சொந்தப் பெயரையும், அடுத்த வரியில் கடைப் பெயரையும் எழுதுக. பெயரும் எண்ணும் பொருந்தாவிடில் சிக்கல்தான். அடையாளச் சோதனைக்குச் சில தளங்கள் சமூகப் பாதுகாப்பு எண்ணையே கேட்கக்கூடும். அப்போதும் தள முகவரியைத் தாமே தட்டச்சு செய்து உள்நுழைந்த பின்னரே கொடுக்க வேண்டும். மின்னஞ்சலில் வந்த இணைப்பின் வழியாக ஒருபோதும் கூடாது. பொருள் வாங்குபவருக்கு இந்த எண் தேவையே இல்லை.

வீட்டிலிருந்து விற்கும் பெண்கள் கருதவேண்டியது மற்றொன்றும் உண்டு. ஒரே தளத்தில் ஆண்டுக்கு 20,000 டாலரை எட்டும் பெருவிற்பனையாளரின் பெயரும் முகவரியும் வாங்குவோருக்குக் காட்டப்படும். வீட்டு முகவரியைத் தவிர வேறில்லை என உறுதியளித்து வேண்டிக்கொண்டால், நாட்டையும் மாநிலத்தையும் மட்டும் காட்டச் சட்டம் இடமளிக்கிறது. கேட்காமல் இச்சலுகை கிடைக்காது.

இளையோருக்கு ஒரு சொல். தந்தையின் கணக்கில் மகன் காலணி விற்றால், 1099-கே படிவம் தந்தையின் பெயரில்தான் வரும். 2025-ஆம் ஆண்டுச் சட்டத்தால் அதன் கூட்டரசு வரம்பு மீண்டும் 20,000 டாலருக்கும் 200 விற்பனைகளுக்கும் மேல் என்றாகிவிட்டது. சில மாநிலங்களில் அது குறைவு. படிவம் வராவிடினும் இலாபத்திற்கு வரி உண்டு. ஆதலால் தந்தையிடம் முன்னரே சொல்லிவிடுவது நலம்.

இன்றிரவே செய்யக்கூடிய பணி ஒன்றுண்டு. ஈக்விஃபேக்ஸ், எக்ஸ்பீரியன், டிரான்ஸ்யூனியன் ஆகிய மூன்றிலும் கடன் பதிவை முடக்கிவைப்பது 2018 செப்டம்பர் முதல் இலவசம். 16 வயதுக்குட்பட்ட பிள்ளைகளின் பெயரிலும் பெற்றோர் இதைச் செய்யலாம்.